தாத்தாவின் பட்டாளக் காகிதம்: லண்டனில் தேடுவதா, பெங்களூருவில் தேடுவதா?

வெளிநாட்டு வம்சாவளி இணையதளம் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டி ஏமாந்தவன் நான். 'பழைய பிரிட்டிஷ் ராணுவப் பணிப் பதிவேடுகள்' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். என் அப்பாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் லாரி ஓட்டியவர். பிரிட்டிஷ்காரன் சம்பளத்தில்தானே ஓட்டினார், அங்கே இல்லாமல் வேறு எங்கே இருப்பார் என்று நினைத்துவிட்டேன். அவர் பெயரைப் பதினொரு விதமாக எழுத்துக்கூட்டித் தேடினேன். வந்தவர்கள் எல்லாம் லங்காஷயர் நெசவாளிகளும் கிளாஸ்கோ கொத்தனார்களும்தான்.

சந்தா முடிந்த மறுவாரம், அம்மா பீரோ லாக்கரில் வைத்திருந்த அவருடைய பதக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் 'பர்மா ஸ்டார்'. சிறுவயதில் நூறு தடவை பார்த்ததுதான். திருப்பிப் பார்த்ததில்லை. பின்புறத்தில் அழுக்குக்கு அடியில் ஓர் எண், பதவி, பெயர், அதன் பிறகு ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்ற எழுத்துகள். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், படைக்கு வேண்டிய பொருள்களை ஏற்றிச் செல்லும் பிரிவு. ஓராண்டுப் பணம் கொடுத்தும் கிடைக்காத தகவல் வீட்டு பீரோவிலேயே இருந்திருக்கிறது.

அதனால், இதைப் படிப்பவர்கள் எந்தத் தளத்தையும் திறப்பதற்கு முன் பதக்கத்தைத் தேடுங்கள். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் தரைப்படையினருக்குக் கொடுத்த போர்க்களப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பொறித்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் நமக்குத்தான் அதிர்ஷ்டம். வட்டப் பதக்கமானால் விளிம்பில் பாருங்கள், நட்சத்திரமானால் பின்புறத்தில். முதல் போரின் வெள்ளிப் பதக்கத்திலும் விளிம்பில் எழுத்து உண்டு. அதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால் அவர் துப்பாக்கி ஏந்திய சிப்பாயாக இல்லாமல் கூலிப்படையிலோ உதவியாளராகவோ போயிருக்கலாம். தேட வேண்டிய இடமும் அதற்கேற்ப மாறும். எழுத்து தெரியவில்லை என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கைப்பேசியில் படம் எடுத்தால் போதும். வெள்ளிப் பதக்கம் எப்போதோ தட்டானிடம் போய்க் கொலுசாகிவிட்ட வீடுகளும் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒன்று தெரியும். அவர்களுக்கு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ, பென்ஷன் புத்தகமோ, மணியார்டர் துண்டோதான் கதி.

பதக்கத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'பிரிட்டிஷ் ராணுவம்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே படை அன்று. பிரிட்டிஷ் அரசின் சொந்தப் படை ஒன்று. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்க்கப்பட்டவர்கள். பரங்கிமலையிலும் திருச்சியிலும் வெல்லிங்டனிலும் முகாமிட்டிருந்த வெள்ளைக்காரப் பட்டாளங்கள் அதைச் சேர்ந்தவை. இன்னொன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படை. 1858இல் கம்பெனி ஆட்சி போனதும் அது அரசியின் கைக்கு மாறியது; 1895இல் வங்காளம், பம்பாய், மதராஸ் என்ற மூன்று மாகாணப் படைகளும் ஒழிக்கப்பட்டு ஒரே இந்தியப் படையாயின. 1947 வரை நம் தாத்தாக்கள் இருந்தது அந்த இந்தியப் படையில். சம்பளப் பட்டியல் வேறு, பதிவேடு வேறு, பதிவேடு இருக்கும் நாடே வேறு. ஆங்கிலத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி முதல் வகைப் படைக்காரரின் பேரப்பிள்ளைகளுக்காக எழுதியது. அதைப் படித்துவிட்டு நாம் லண்டனுக்கு ஓடுகிறோம்.

லண்டனிலேயே கதவுகள் இரண்டு. முதலாவது, கியூ என்ற பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம். 1760 முதல் 1913 வரை ஓய்வூதியம் பெற்ற சிப்பாய்களின் பணி ஆவணங்கள் டபிள்யூஓ 97 என்ற தொகுப்பில் இருக்கின்றன. பிறந்த ஊர், தொழில், உயரம், கண்ணின் நிறம், எத்தனை முறை குடித்துவிட்டுத் தண்டனை பெற்றார் என்பது வரை அதில் உண்டு. முதல் போருக்கான சிப்பாய்க் கோப்புகளுக்கு நேர்ந்தது வேறு. 1940 செப்டம்பரில் லண்டன் வால்வொர்த்தில் இருந்த கிடங்கின் மீது ஜெர்மன் குண்டு விழுந்து, ஏறத்தாழ 60 சதவீதம் எரிந்தும் நனைந்தும் போனது. மிஞ்சியவற்றுக்கு அங்கே 'எரிந்த ஆவணங்கள்' என்றே பெயர். அதற்குப் பிந்தைய காலத்துக் கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் தவணை தவணையாகக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது; மொத்தம் 97 லட்சம் கோப்புகள். எண்ணைக் கேட்டதும் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அது பிரிட்டனின் சொந்தப் படைகளுக்கான சேமிப்பு. வட ஆற்காட்டிலிருந்து போன சிப்பாயின் கோப்பை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். முதல் போரின் பதக்க அட்டைகளில் இந்தியப் படையினர் சிலரும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அட்டையில் உள்ள விவரம் உங்கள் பதக்க விளிம்பில் ஏற்கெனவே இருக்கும்.

இரண்டாவது கதவு பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். பெயரைப் பார்த்து இதுதான் நமக்கான இடம் என்று தோன்றும். பாதி உண்மை. இந்தியப் படையின் அதிகாரிகள், கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்கள் ஆகியோரின் கோப்புகளும் பட்டியல்களும் அங்கே ஏராளம். மதராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் 1698 முதல் 1948 வரை தொடர்ச்சியாக இருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களின் தனித்தனிப் பணிக்கோப்புகளோ லண்டனுக்கு அனுப்பப்படவில்லை. அவை ரெஜிமென்ட்டோடு இங்கேயே இருந்தன. வெள்ளைக்கார லெப்டினன்ட்டின் பல்வலி லண்டன் வரை போயிருக்கிறது. அவர் கீழ் இருந்த ஹவில்தாரின் பெயர் போகவில்லை.

ஆக லண்டன் யாருக்கு? பெரம்பூரிலும் பொன்மலையிலும் வேர் கொண்ட ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு. முப்பாட்டனார் அயர்லாந்திலிருந்து வந்து பரங்கிமலையில் திருமணம் செய்துகொண்ட பீரங்கிப் படைக்காரர் என்றால், உங்களுக்கு இந்த இரண்டு கதவுகளும் பொன். நான் வீணாக்கிய அதே வகைச் சந்தா உங்களுக்குக் காசுக்கேற்ற பலன் தரும், ஏனென்றால் டபிள்யூஓ 97 தொகுப்பும் மதராஸ் தேவாலயப் பதிவுகளும் அத்தகைய கட்டணத் தளங்களில்தான் ஸ்கேன் செய்யப்பட்டு ஏறியிருக்கின்றன. அப்போதும் பணம் கட்டுமுன் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கமான ஃபிபிஸ் வைத்திருக்கும் இலவசத் தேடலில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து தட்டச்சு செய்த குறிப்பேடு அது. பெயர் அங்கே தட்டுப்பட்டால், எந்தத் தொகுப்பின் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, ஒரே ஒரு மாதச் சந்தாவோடு வேலையை முடித்துவிடலாம்.

மற்ற நமக்கெல்லாம் வழி உள்நாட்டில்தான். தாத்தா இருந்த படைப்பிரிவின் இன்றைய வாரிசு எது, அதன் ரெக்கார்ட் ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1947இல் படை இரண்டாகப் பிரிந்தபோது இந்தியாவுக்கு வந்த பிரிவுகள், 1950இல் நாடு குடியரசானதும் 'ராயல்' என்ற முன்னொட்டை உதிர்த்துவிட்டுத் தொடர்ந்தன. காலாட்படையான மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெல்லிங்டன். 'தம்பிகள்' என்று படைக்குள் செல்லமாக அழைக்கப்படும் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரு. சர்வீஸ் கோரின் தென்பகுதிக்கும் பயனியர் கோருக்கும் அதே பெங்களூரு. சிக்னல்ஸ் ஜபல்பூரில், பீரங்கிப் படை நாசிக் ரோட்டில், வண்டி பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவும் தளவாடக் கிடங்குப் பிரிவும் செகந்திராபாத்தில், மருத்துவப் பிரிவு லக்னோவில்.

தமிழர் என்றாலே மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று எண்ணி வெல்லிங்டனுக்கு எழுதுகிறவர்கள் நிறைய. இரண்டாம் போரில் தமிழ் இளைஞர்கள் பெருமளவில் போனது லாரி ஓட்டவும், தந்தி அடிக்கவும், பாலம் கட்டவும், காயக்காரரைத் தூக்கவும், பட்டறையில் நிற்கவும். அரைகுறை ஆங்கிலமும் கைத்தொழிலும் தெரிந்தவர்களை இந்தப் பிரிவுகள் அள்ளிக்கொண்டன. 'மெட்ராஸ்காரன்தான், மெட்ராஸ் ரெஜிமென்ட் இல்லை' என்பதைப் பதக்கம் ஒரு நொடியில் சொல்லிவிடும். வெல்லிங்டனுக்கு எழுதினால் 'எங்களிடம் இல்லை' என்று பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு 'எங்குமே இல்லை' என்று முடிவு கட்டியவர்களை நான் அறிவேன்.

ரெக்கார்ட் ஆபீஸில் என்ன இருக்கும்? இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஷீட் ரோல். சிப்பாயின் முழு ஜாதகம்: அங்க அடையாளம், கல்வி, இடமாற்றம், தண்டனை, வாரிசு, எல்லாம். மற்றொன்று லாங் ரோல். ஒரு ஆளுக்கு ஒரு வரி என்று ஓடும் தடிமனான பேரேடு. பென்ஷன் வாங்காமல் வெளியேறியவர்களின் ஷீட் ரோலை 25 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. போர் முடிந்து 1946இல் கூட்டங்கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. கணக்குப் போட்டால் 1970களிலேயே கதை முடிந்திருக்கும். லாங் ரோல் தப்பிப் பிழைக்கும். ஆகவே பென்ஷன் வாங்கிய தாத்தா என்றால் பெரிதாக எதிர்பார்க்கலாம். போருக்கு மட்டும் போய் நாலு வருடத்தில் திரும்பியவர் என்றால், ஒரு வரி கிடைத்தாலே பாக்கியம் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

எழுதும் முறையிலும் இரண்டு வழிகள். சாதாரணக் கடிதம் ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிப் போடும் மனு மற்றொன்று. எடுத்த எடுப்பில் மனுவைப் போடச் சொல்பவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனு போட்டால் 30 நாளில் பதில் வந்துவிடும், உண்மைதான்; ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும், சட்டத்தின் மொழியில் வரும். 'வேறொருவரின் சொந்த விவரம்' என்று தட்டிக்கழிக்கவும் இடமுண்டு. பேரன் என்பதற்கான சான்றை இணைத்து, பதக்கத்தின் படத்தோடு, பணிவாக ஒரு கடிதம் எழுதினால், அதைப் பிரிக்கும் கிளார்க்கும் ஒரு பட்டாளத்துக்காரர்தான் என்பது வேலை செய்யும். மூன்று, நான்கு மாதம் பதிலே இல்லையென்றால் அப்புறம் மனுவை எடுக்கலாம். எந்த வழியானாலும் எண், பதவி, பெயர், தந்தை பெயர், ஊர், தாலுகா, ஜில்லா என்று எழுதுங்கள். ஜில்லா என்றால் அந்தக் காலத்து ஜில்லா. ராணிப்பேட்டை மாவட்டம் என்று எழுதினால் பேரேட்டில் இருக்காது. வட ஆற்காடு என்றுதான் இருக்கும்.

எழுத்துக்கூட்டலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆள் சேர்ப்பு முகாமில் உட்கார்ந்திருந்த எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முத்துசாமி என்ற ஒரே பெயரை மூட்டூசாமி என்றும் முத்துஸ்வாமி என்றும் படிக்கும்படி எழுதிவைத்திருப்பார்கள். இனிஷியல் சில இடங்களில் காணாமல் போகும். சில இடங்களில் அப்பாவின் பெயரே மகனின் பெயராகிவிடும். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன்களும், வீட்டுக்குத் தெரியாமல் வேறு பெயரில் சேர்ந்தவர்களும் உண்டு. எண் மட்டுமே பிறழாதது. எண் கையில் இருந்தால் பெயர்ச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

பலரும் தாண்டிப் போய்விடும் கதவு ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெரியவர்கள் இன்றும் ஜில்லா சைனிக் போர்டு என்பார்கள். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. அந்த உதவிக்கு விண்ணப்பிக்கும்போது டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகலைச் சேர்த்தாக வேண்டும். பாட்டி எப்போதாவது அந்தப் பணம் வாங்கியிருந்தால், ராணுவம் அழித்துவிட்ட விவரம் கலெக்டர் அலுவலகத்துப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம். லண்டனோடு ஒப்பிட்டால் பஸ் டிக்கெட் செலவு. எங்கள் பாட்டி வாங்கவில்லை. 'அவருக்குப் பிறகு அந்தக் காசு எனக்கெதற்கு' என்று சொல்லிவிட்டாராம். கொள்கைப் பிடிப்புள்ள பாட்டிகள் ஆவணக் காப்பகங்களுக்கு எதிரிகள்.

போரில் இறந்தவர் என்றால் வழியே வேறு. அவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல் தளம் போல் எளிதானது எதுவும் இல்லை, பணமும் கிடையாது. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாவதற்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் அடங்குவார்கள். நோயில் இறந்தவர்களும் உண்டு. இந்தியச் சிப்பாயின் பெயருக்குக் கீழே பெரும்பாலும் தந்தை பெயரும் ஊரும் இருக்கும். தேடும்போது பெயரை விட்டுவிட்டுப் படைப்பிரிவையும் ஊர்ப்பெயரின் பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேடிப் பாருங்கள். ரங்கூனுக்கு அருகே தாக்யான் நினைவிடத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள், சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கு மேல். நம் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்திலேயே, முதல் போரில் இறந்து வெவ்வேறு கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் இருக்கிறது.

எல்லோரும் சமமாகப் பொறிக்கப்பட்டார்கள் என்று நம்பிவிடக்கூடாது. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காகப் பாஸ்ராவில் எழுப்பிய சின்னம் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது; அதில் இந்தியச் சாதாரணச் சிப்பாய்கள் பெயராக இல்லை, படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக நின்றார்கள். 2021இல் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ நினைவே இன்றியோ விடப்பட்டதாக ஒப்புக்கொண்டது. சுமைகூலிகளும் உதவியாளர்களும் அதில் பெரும்பகுதி. ஆகவே தேடலில் பெயர் வரவில்லை என்றால், அவர் சாகவில்லை என்றும் பொருள் கொள்ளலாம், செத்தும் எழுதப்படவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதல் போருக்குப் போன தமிழ்க் காலாட்படைக்காரர்களைத் தேடுகிறவர்களுக்குத்தான் நிலைமை மிக மோசம். பாளையங்கோட்டையின் பெயரையே தாங்கியிருந்த 63ஆம் பாலம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் இறங்கி ஜெர்மானியரிடம் அடிபட்டது. அந்தப் படை இன்று இல்லை. 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்ற கோட்பாட்டை நம்பிய தளபதிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மதராஸ் பட்டாளங்களைக் கலைத்துக்கொண்டு வந்தார்கள். 1920களில் மிச்சமிருந்த காலாட்படையும் போயிற்று, 1933இல் பயனியர்களும் போயினர். இரண்டாம் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. இடையில் அறுந்த கயிறு அது. தாத்தாவின் அப்பா 1915இல் காலாட்படையில் இருந்தார் என்றால் வெல்லிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சாப்பர் என்றால் கொஞ்சம் மேல். 1780 முதல் அறுபடாமல் வரும் பிரிவு அது.

பஞ்சாபியரைப் பார்த்துப் பொறாமைப்படும் இடமும் இதுதான். எந்தக் கிராமத்திலிருந்து யார் யார் முதல் போருக்குப் போனார்கள் என்று பஞ்சாப் அரசு போர் முடிந்ததும் கிராமவாரியாக எழுதிய பேரேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. ஏறத்தாழ 3,20,000 பதிவுகள். 2021 முதல் அவை இணையத்தில் ஏறத் தொடங்கின. மதராஸுக்கு அப்படி ஒன்று எழுதப்பட்டதாக நான் எங்கும் கண்டதில்லை. நமக்கு வாய்த்தது கல். 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர்' என்று பொறித்த கற்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்டு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இருப்பது 277 பேர் போனார்கள், 14 பேர் இறந்தார்கள் என்கிறது. எண்ணிக்கை துல்லியம், பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கல் ஒரு துப்பு: ஒரே ஊரிலிருந்து சேர்ந்தவர்கள் அநேகமாக ஒரே பிரிவில் சேர்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக் கொள்ளுத்தாத்தாவின் பதக்கம் உங்கள் வீட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடும்.

மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்களை இந்த வழிகள் எதிலும் தேடாதீர்கள். அவர்கள் பிரிட்டிஷ் சம்பளப் பட்டியலில் ஒரு நாளும் இருந்ததில்லை. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ஐ.என்.ஏ. கோப்புகள்தான் இடம். சிங்கப்பூரில் சரணடைந்து பிறகு ஐ.என்.ஏ.வுக்கு மாறிய சிப்பாய் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

ஆள் வைத்துத் தேடலாமா என்று கேட்கிறார்கள். லண்டன் காப்பகங்களில் மணிக்கணக்குக்குக் கூலி வாங்கும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. 'என் தாத்தாவைக் கண்டுபிடியுங்கள்' என்று அவர்களிடம் சொன்னால் பணம் கரையும். கண்டுபிடிக்க அங்கே கோப்பு இல்லையே. 'இந்தக் கோப்பின் இந்த மாதப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள்' என்று கேட்கும் நிலைக்கு வந்த பிறகு வைத்துக்கொண்டால் விமான டிக்கெட்டை விட மலிவு.

அப்படிக் கேட்கக்கூடிய பொருள் போர் நாட்குறிப்புகள். ஒவ்வொரு படைப்பிரிவும் களத்தில் இருந்த நாளெல்லாம் எழுதி வைத்தாக வேண்டிய குறிப்பு அது: எங்கே முகாம், எத்தனை மைல் நகர்ந்தது, எத்தனை வண்டி பழுது, மழை. சிப்பாயின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் அவர் அன்றைக்கு எங்கே இருந்தார் என்பது வந்துவிடும். தென்கிழக்காசியப் போர்முனைக்கு உரியவை கியூவில் டபிள்யூஓ 172 என்ற தொகுப்பில் உள்ளன. இரண்டாம் போரின் இந்தியப் படைப்பிரிவுகளுக்கான நாட்குறிப்புகள் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவிடமும் இருக்கின்றன. முதல் போருக்கு உரியவற்றில் ஒரு பகுதி தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. வீட்டிலிருந்தபடியே அந்தக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் தலைப்புகளைத் தேடலாம். டெல்லிக்கு அனுமதி வாங்க நடக்க வேண்டும், கியூவில் பணத்தைக் கொடுத்தால் படம் வரும். பொறுமை இருப்பவருக்கு டெல்லி, பவுண்டு இருப்பவருக்குக் கியூ. தாத்தா இருந்த கம்பெனி என்ற சிறு பிரிவின் எண்ணோ, அது சேர்ந்திருந்த டிவிஷன் என்ற பெரும் பிரிவின் பெயரோ தெரியாமல் இரண்டு இடத்துக்கும் போகக்கூடாது.

எனக்கு அங்கேதான் முட்டியது. பெங்களூருவுக்கு எழுதிய கடிதத்துக்கு நான்கு மாதம் கழித்து ஒரு பக்கப் பதில் வந்தது. லாங் ரோலில் இருந்த வரி: எண், பெயர், தந்தை பெயர், கிராமம், தாலுகா, சேர்ந்த நாள் 1942இல், விடுவித்த நாள் 1946இல். ஊரின் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள். ஆனால் எங்கள் ஊரேதான். எந்த டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்பது மட்டும் அந்த வரியில் இல்லை. சர்வீஸ் கோரில் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில்.

அத்தையிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எண்பத்து மூன்று வயது. கம்பெனியாவது கிம்பெனியாவது என்று கையை ஆட்டிவிட்டு, 'அப்பா பூனை வண்டிதான் ஓட்டினார்' என்றார். என்ன பூனை? 'கறுப்புப் பூனை. வண்டி முன்னாடி படம் போட்டிருக்கும் என்பார். நாங்கள் பிள்ளைகள் அதை நம்பாமல் சிரிப்போம்.'

17ஆம் இந்திய டிவிஷனின் சின்னம் கறுப்புப் பூனை. 1942இல் சித்தாங் பாலம் தகர்ந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாதிப் படையை இழந்த டிவிஷன். 1944இல் திடிம் சாலை வழியாக இம்பாலுக்குச் சண்டையிட்டபடியே பின்வாங்கியது. 1945 மார்ச்சில் மெய்க்டிலாவைப் பிடித்தது, பெரும்பாலும் லாரிகளில் போய். அந்த டிவிஷன் தலைமையகத்தின் நாட்குறிப்பிலிருந்து தொடங்கினால் அதனோடு ஓடிய போக்குவரத்துக் கம்பெனிகளின் எண்கள் கிடைக்கும். நூற்றுக்கணக்கு என்பது ஒரு கை விரல்களுக்குள் வந்துவிடும்.

டெல்லிக்கான விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். 'தேடப்படும் ஆவணத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு' என்று அதில் ஒரு கட்டம். பேரன் என்று எழுதியிருக்கிறேன். இணைப்பில் பதக்கத்தின் படம், ரெக்கார்ட் ஆபீஸ் கடிதத்தின் நகல். பூனையைப் பற்றி எழுத அதில் கட்டம் எதுவும் இல்லை. அடியில் பென்சிலால் எழுதிவிட்டேன்.